ஐந்து டாலர் போர்வை

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761-இல் கண்ணை மூடும் காலம் வரையில் எழுதி வந்தார். கப்பல் வந்த செய்தி, கவர்னர் துய்ப்ளே கோபித்துக்கொண்ட செய்தி, வியாபாரக் கணக்கு, ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. அவரிடம் காகிதம் இருந்தது, மை இருந்தது, விளக்குக்கு எண்ணெயும் இருந்தது. அந்த வீட்டு அடுக்களையில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கும் அதே இருபத்தைந்து வருஷங்கள்தாம் கழிந்திருக்கும். அவள் கண்டதும் கேட்டதும் எங்கே போயின?

சரித்திரப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறை உண்டு. எழுதத் தெரிந்தவர்கள் பார்த்தது மட்டுமே நடந்ததாக ஆகிவிட்டது. மற்றவர்கள் பார்த்ததைக் கதை எழுதுகிறவர்கள் கற்பனை செய்து நிரப்புகிறோம். எங்கள் பிழைப்பும் அதில்தான் நடக்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு முறை, கற்பனைக்கு வேலை வைக்காமல், அப்படிப்பட்ட ஒருத்தியே தன் குறிப்பை விட்டுச் செல்கிறாள். காகிதத்தில் அல்ல, துணியில்.

அமெரிக்கர்கள் ‘குவில்ட்’ என்று சொல்வது நமக்குத் தெரியாத பொருள் அன்று. பாட்டிமார் நைந்த புடவைகளை மடித்து அடுக்கித் தொட்டில் குழந்தைக்கு மெத்தை தைப்பார்களே, அதற்கு அது ஒன்றுவிட்ட தங்கை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நகராதபடி நெடுகத் தையல். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். நம்முடைய ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. குருசதய் தத் என்பவர் ஊர் ஊராகச் சேகரித்த காந்தாக்களில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்தது ஒன்று உண்டு. இதைத் தன் தகப்பனாருக்குக் கொடுப்பதாக அவள் நூலாலேயே அதில் எழுதி வைத்திருக்கிறாள். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி அல்ல. கடல் கடந்து இன்னொருத்தியைப் பற்றி.

ஹாரியட் பவர்ஸ் 1837-ஆம் வருஷம் அமெரிக்காவின் தென் பகுதியில், ஜார்ஜியா மாகாணத்தில், அடிமையாகப் பிறந்தவர். அருகில் இருந்த பட்டணத்தின் பெயர் ஏதென்ஸ். கிரேக்க ஞானிகளின் பெயரை ஊருக்கு வைத்த அதே மாகாணத்தில், அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1829-லேயே சட்டம் செய்திருந்தார்கள். 1855-இல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். உள்நாட்டு யுத்தம் முடிந்து 1865-இல் விடுதலை வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. பிறகு புருஷனும் மனைவியுமாகப் பாடுபட்டு நாலு ஏக்கர் நிலம் வாங்கினார்கள்.

1886-இல் ஏதென்ஸில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. அதில் ஹாரியட் அம்மாள் தாம் தைத்த போர்வை ஒன்றை வைத்தார். ஏறக்குறைய ஆறு அடிக்கு ஏழரை அடி, பதினொரு கட்டங்கள். ஆதாமும் ஏவாளும், தம்பியைக் கொன்ற காயீன், ஏணியைக் கனவு கண்ட யாக்கோபு, முப்பது வெள்ளிக் காசுக்குக் குருவைக் காட்டிக் கொடுத்த யூதாஸ் என்று, கட்டத்துக்கு ஒரு பைபிள் கதை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே விளங்கும். உருவத்தை ஒரு துணியில் வெட்டி, இன்னொரு நிறத் துணிமேல் வைத்து, ஓரத்தை மடக்கித் தைப்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் தஹோமி நாட்டிலும் இந்த வேலை உண்டு. ஹாரியட் அம்மாளின் கை அங்கிருந்து வந்த கை என்று சில பண்டிதர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர் கையோடு தையல் மிஷினையும் உபயோகித்திருக்கிறார். பாட்டன் பூட்டன் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தைத்தவர் அல்ல.

ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, பெண்கள் கல்விச்சாலை ஒன்றில் சித்திர ஆசிரியை, அந்தப் போர்வையைக் கண்டு சொக்கிப் போனார். தைத்தவரைத் தேடிப் பிடித்து விலை கேட்டார். எந்த விலைக்கும் கொடுப்பதாக இல்லை என்று பதில் வந்தது.

நாலைந்து வருஷம் கழிந்தது. கஷ்ட காலம். இப்போது கொடுக்கத் தயார் என்று ஹாரியட் அம்மாளே சொல்லி அனுப்பினார். ஜென்னியிடம் அந்தச் சமயம் பணம் இல்லை. சில காலம் சென்று ஜென்னி ஆள் அனுப்ப, அம்மாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மடியில் போர்வை, சுத்தமான மாவுப் பையில் வைத்து, அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றியிருந்தார். பத்து டாலர் கேட்டார். என்னிடம் ஐந்துதான் இருக்கிறது என்றார் ஜென்னி. அம்மாள் வெளியே போய்ப் புருஷனிடம் கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார். காலம் இருக்கிற இருப்பில் வாங்கிக்கொள்வதே மேல் என்று அவர் சொன்னாராம். ஐந்து டாலருக்குப் போர்வை கை மாறியது.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து, இது இன்னது என்று கதை சொன்னார். ஜென்னி அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். நகையை அடகு வைக்கிற பெண் அதன் ஜாதகத்தைச் சேட்டிடம் சொல்லிக் கொண்டிருப்பதில்லை. வயிற்றுப் பெண்ணைப் புக்ககம் அனுப்புகிறவள்தான் அதற்கு இது பிடிக்கும், இது ஆகாது என்று நின்று சொல்வாள். பிறகும் பல தடவை ஹாரியட் அம்மாள் ஜென்னி வீட்டுக்கு வந்து அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனதாக ஜென்னியே எழுதி வைத்திருக்கிறார். வாங்கினவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்கியிராவிட்டால் அது இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இராது; நமக்குக் கதையும் இராது. ஆனாலும் அந்த மீதி ஐந்து டாலர் என் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இன்னொரு போர்வை இருக்கிறது. அதுதான் நான் நாட்குறிப்பு என்று சொல்வது. பதினைந்து கட்டங்கள். அட்லாண்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த பெண்மணிகள் 1898-இல் அதைச் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்ற பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். (இந்த ஹால் 1902-இல் சொற்பொழிவு செய்ய நம் தேசத்துக்கு வந்து போனவர்.) 1964-இல் அது பாஸ்டன் நகரக் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. அதில் பத்துக் கட்டங்கள் பைபிள். மீதி ஐந்தும் உலகத்தில் நடந்த சமாசாரங்கள்.

ஒன்று, 1780 மே மாதம் 19-ஆம் தேதி வடக்கே பட்டப்பகலில் இருண்டு போனது. கனடாக் காட்டுத் தீயின் புகை என்று இன்று சொல்கிறார்கள். இன்னொன்று, 1833 நவம்பர் 13-ஆம் தேதி இரவு எரிநட்சத்திரங்கள் மழையாக விழுந்தது. இரண்டும் ஹாரியட் பிறப்பதற்கு முன் நடந்தவை. அவர் எப்படி அறிந்தார்? நம் ஊர்க் கிழவர்கள் ‘தாது வருஷப் பஞ்சத்தின்போது எனக்கு மூன்று வயது’ என்று சொல்லி வந்தார்கள் அல்லவா? அந்த மாதிரி, பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்காத அடிமைகள் நட்சத்திரம் உதிர்ந்த ராத்திரியை வைத்துத் தங்கள் வயதைக் கணக்கிட்டார்கள். ஹாரியட் அம்மாளின் கட்டத்தில் ஜனங்கள் உலகம் முடிந்தது என்று நடுங்குகிறார்கள். மேலே கடவுளின் கை ஒன்று நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்துகிறது. மூன்றாவது, 1846-இல் வானம் சிவந்து ஒளிர்ந்த ஓர் இரவு. அப்போது அவர் எட்டொன்பது வயதுச் சிறுமி.

நாலாவது, ‘குளிர் வியாழக்கிழமை’. 1895 பிப்ரவரி 10 என்று அதற்குத் தேதி சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழன் 7-ஆம் தேதி; தென் மாகாணங்களைப் பெருங்குளிர் தாக்கியதும் அந்த 7-ஆம் தேதியையொட்டித்தான். தேதி தப்பினாலும் கிழமை தப்பவில்லை. நம் வீட்டுப் பெண்களின் ஞாபகமும் இப்படித்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஜெபம் செய்தபடியே உறைந்து போன பெண் இருக்கிறாள்; வாசற்படியில் உறைந்தவள் இருக்கிறாள்; மாவு மூட்டையோடு ஒருவன், சாராய ஜாடியோடு ஒருவன். கோவேறு கழுதை விட்ட மூச்சு பனிக்கட்டியாகத் தொங்குகிறது. நீலப் பறவைகளெல்லாம் செத்துப் போயின. ஒரு நாவலாசிரியன் பத்துப் பக்கத்தில் கொண்டுவர முடியாததை ஒரு முழத் துணியில் கொண்டுவந்துவிட்டார். சாராய ஜாடியை விடாமல் தைத்தாரே, அங்கேதான் அவர் எழுத்தாளர்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்று உறைக்கிறது. பதினைந்து கட்டங்களில் 1865 இல்லை. யுத்தம் இல்லை, ஏலக்களம் இல்லை, சங்கிலி இல்லை. இருபத்தேழு வருஷம் ஒருவரின் உடைமையாக இருந்தவர், அதைப் பற்றி நேராக ஒரு கட்டமும் தைக்கவில்லை. மறந்திருப்பாரா? அந்த விஷயத்தைச் சொல்லி விற்க அவர் விரும்பவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் ஐந்தாவது கட்டத்தில் ஒரு பன்றி இருக்கிறது. கடவுளை அறியாமல் வளர்ந்து நரகத்துக்குப் போன பணக்காரப் பிள்ளைகள் இருவரின் கதை அந்தக் கட்டம். அதன் அடியில், கதைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற மாதிரி, மனிதர்களைவிடப் பெரிதாக அந்தப் பன்றி நிற்கிறது. பெயர் பெட்ஸ். யாருக்கும் கட்டுப்படாத அந்தப் பன்றி ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரையில் 500 மைல் ஓடியதாம். வர்ஜீனியா வடக்கே இருக்கிறது. அடிமைகளை வர்ஜீனியாவில் வாங்கித் தெற்கே ஜார்ஜியாவுக்கு ஓட்டி வருவார்கள்; பன்றி எதிர்த் திசையில் ஓடியிருக்கிறது. பிராணிக் கதை என்று கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நான் அதைப் பிராணிக் கதையாக மட்டும் படிக்கவில்லை.

ஹாரியட் அம்மாளுக்கு எழுத்து வாசனையே கிடையாது, பிறர் சொல்லக் கேட்டே தைத்தார் என்று நெடுங்காலம் எல்லாரும் நம்பினார்கள். கைரா ஹிக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட புத்தகம் அதைப் பொய்யாக்கிவிட்டது. 1896-இல் ஹாரியட் அம்மாள் எழுதிய கடிதம் ஒன்றின் நகல் அவருக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளின் உதவியால் படிக்கக் கற்றுக்கொண்டதாக அதில் அம்மாளே சொல்கிறார். சட்டம் போட்டவர்களின் பிள்ளைகளே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! ஆகவே எழுதத் தெரியாத குறையால் அவர் துணிக்குப் போகவில்லை. காகிதமும் பேனாவும் எட்டிய பிறகும் ஊசியையே எடுத்தார்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. நாலு ஏக்கரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிற்று. 1910-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அவர் காலமானார். கல்லறை எங்கே என்பது கூட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மறைந்து கிடந்து, 2005 வாக்கில்தான் ஏதென்ஸில் ஒரு பழைய இடுகாட்டில் தென்பட்டது.

அந்தக் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர் தைத்த போர்வைகள் இரண்டல்ல, நாலாவது இருக்கும். அவற்றில் ஒன்று, ஏசுநாதர் சீடர்களோடு உண்ட கடைசி விருந்து. அது எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. எந்த வீட்டுக் கட்டிலில் விரித்து, எத்தனை குளிர்காலம் போர்த்தி, எத்தனை முறை துவைத்துக் கொடியில் உலர்த்தி, கடைசியில் எந்த அடுப்படியில் கரித்துணியாகப் போயிற்றோ!