கணினிக்குள் நம் பாட்டி இருக்கிறாரா?



எங்கள் ஆத்தூரில் இருந்து செம்பட்டிக்குப் போகும் ஆட்டோவில் யார் யார் ஏறுகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்தேன். கூன் விழுந்த பாட்டி, மடியில் குழந்தையோடு ஒரு அக்கா, புத்தகப் பையோடு பிள்ளைகள். வண்டி மோதினால் இவர்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்று யாராவது சோதித்திருப்பார்களா? தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

காரை மோதவிட்டுச் சோதிக்கும்போது மனிதருக்குப் பதில் பொம்மையை உட்கார வைப்பார்கள். 1949-ல் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்பட்ட சியரா சாம் இதில் முன்னோடி. 1976-ல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய ஹைபிரிட் 3 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது சராசரி அமெரிக்க ஆணின் உடம்பு. எடை சுமார் 78 கிலோ! சிறிய பெண் பொம்மை பிறகு வந்தது. ஆனால் அதுவும் பெரும்பாலும் ஆண் பொம்மையின் அளவுகளைச் சுருக்கிச் செய்ததுதான்.

ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு பொம்மை செய்வது கட்டுப்படியாகாது. அதனால்தான் கணினி வந்தது. எலும்பு, தசை எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, மோதும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்கும் என்று கணக்கிடுவார்கள். டொயோட்டா 2000-ல் வெளியிட்ட தம்ஸ் என்ற மாதிரி இந்த வகைதான். பின்னர் அதில் பெண், முதியவர், குழந்தை உடம்புகளும் சேர்ந்தன. 2021 முதல் அதை இலவசமாகவே தருகிறார்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. டெல்லி ஐஐடி பேராசிரியர் தினேஷ் மோகனும் சக ஆய்வாளர்களும் ஆட்டோ ரிக்‌ஷா மோதினால் உள்ளே இருப்பவரும் எதிரே நடந்து வருபவரும் எங்கே இடிபடுகிறார்கள் என்று கணினியில் ஆராய்ந்து, 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர் 2021-ல் காலமானார். 2013 முதல் 2017 வரை ஐரோப்பிய நாடுகள் நடத்திய பைப்பர் திட்டத்திலும் டெல்லி ஐஐடி பங்கேற்றது. கணினி உடம்பின் வயதையும் அளவையும் உட்காரும் விதத்தையும் மாற்றும் மென்பொருளை அந்தத் திட்டம் உருவாக்கி, எல்லோருக்கும் திறந்து கொடுத்தது.

2023 அக்டோபரில் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் அது கார்களுக்கு மட்டும். முன்பக்க மோதல் சோதனையில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்ததும் அதே 78 கிலோ ஆண் பொம்மையைத்தான்.

கருவி கையில் இருக்கிறது நண்பர்களே. யாருடைய உடம்பை அதற்குள் வைப்பது என்பதுதான் பாக்கி. நம்மில் பொறியியல் படிக்கப் போகிறவர்கள், செம்பட்டி ஆட்டோவில் ஏறும் அந்தப் பாட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.