வயிற்றுவலி என்னும் பொய்

தமிழ் நாளேடுகளின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் காண்பர்: தீராத வயிற்றுவலி காரணமாக இன்னார் தற்கொலை செய்துகொண்டார். இத்தனை பேருக்கும் நோவு வயிற்றில்தான் இருந்ததா என்று நாம் கேட்டதில்லை. மனம் நொந்து இறந்தார் என்று எழுதினால் குடும்பத்துக்கு இழுக்கு. மகளுக்கு வரன் அமையாது. உயிர் பிழைத்தவர் நிலையோ இன்னும் கொடிது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில், தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்றது. ஆகவே மருத்துவமனையில் உறவினர் வேறு காரணம் சொன்னார்கள்.

மருத்துவம் நாடலாமே என்றால், அதற்குச் சென்னையில் இருந்த ஒரே சொல் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கப்பெற்ற மனநோயாளர் விடுதி 1871இல் அங்கு இடம்பெயர்ந்தது. காலப்போக்கில் அதன் பெயர் பலமுறை மாறியது. வசை மட்டும் மாறவில்லை. ஊர்ப்பெயர் ஒன்று ஏச்சாக மாறிய இவ்வரலாறு சொற்பொருள் ஆய்வோர் கவனிக்கத்தக்கது.

இச்சூழலில்தான் 1986 ஏப்ரலில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். சாந்தோமை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இயங்கும் அமைப்பு இது. 1953இல் சாட் வாரா என்னும் ஆங்கிலப் பாதிரியார் இலண்டனில் தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' இத்தகைய பணிக்கு முன்னோடி. தொலைபேசியை எடுப்பவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற தொண்டர். அவர் அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை, கேட்டதை வெளியில் பேசுவதில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் பதினொரு நீதிநூல்களை வைத்திருக்கும் நமக்கு, அறிவுரை சொல்லாதிருப்பது எத்துணை அரிய ஒழுக்கம் என்பதை வாசகர்களே அறிவர்!

கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பொதுத்தேர்வில் தோற்ற மாணவர்கள் அந்த ஆண்டே கல்லூரியில் சேரும் வண்ணம் உடனடி மறுதேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் சிநேகாவினருக்கு முக்கிய இடமுண்டு. அம்முறை தமிழகத்தில் நடைமுறைக்கும் வந்தது. ஓராண்டு வீணாகும் என்னும் அச்சம் சில வாரக் காத்திருப்பாகச் சுருங்கியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை, சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தைச் சூறையாடியது. சாந்தோம் தேவாலயத்தை அலை தீண்டாததற்குப் புனித தோமையார் நட்ட கம்பமே காரணம் என்ற கதை அப்போது ஊரெங்கும் பரவியது. உற்றாரைப் பறிகொடுத்த கடலோர மக்களைத் தேடிச் சென்று, அவர்களோடு அமர்ந்து பேசிய தொண்டர்களைப் பற்றிய செய்தி அவ்வளவு பரவவில்லை. சென்னையின் இரு கடலோரப் பகுதிகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, அத்துணை பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்ததைக் காட்டியது. நமக்கு இதுவே பெரிய அற்புதமாகப் படுகிறது.

சட்டம் மெல்லவே அசைந்தது. 309ஆம் பிரிவு செல்லாது என்று 1994இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 1996இல் செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே அதன்படி கொள்ளப்படுவார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பழைய பிரிவு இடம்பெறவில்லை. உறவினர் இனி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாம். நாளேடுகளில் வயிற்றுவலி மட்டும் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.