துணி விளிம்பு உறுதியாக்கம்

துணி விளிம்பு உறுதியாக்கம் என்பது, ஆடை தைக்கும்போது வெட்டப்பட்ட துணியின் விளிம்பு பிரியாமலும் இழுபட்டு உருமாறாமலும் காக்கும் முறைகளைக் குறிக்கும். பிரிதலும் இழுபடுதலும் வெவ்வேறு குறைகளாகும். ஒன்றுக்கான தீர்வு மற்றதற்குப் போதாது.

காரணங்கள்

நெய்த துணியில் பாவு நூல்கள் நீளவாக்கிலும் ஊடை நூல்கள் குறுக்குவாக்கிலும் அமைந்துள்ளன. கைத்தறியில் ஊடை நூல் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் மடங்கித் திரும்புவதால் துணியின் கரை பிரிவதில்லை. வெட்டிய விளிம்பில் இம்மடிப்பு இல்லாததால் நூல்கள் உதிர்கின்றன.

பாவு அல்லது ஊடை வாக்கில் இழுத்தால் நூல்கள் விசையைத் தாங்குகின்றன. இவற்றுக்கு 45 பாகை சாய்வான திசையில் நூல் எதுவும் செல்வதில்லை. அத்திசையில் இழுக்கும்போது நூல்களுக்கு இடையிலான கோணம் மாறித் துணி நீள்கிறது. கழுத்து, கைக்குழி ஆகியவற்றின் வளைவுகளில் இச்சாய்வு அமைவதால், சரியான அளவில் வெட்டிய கழுத்தும் கையாளும்போதே அகன்றுவிடக்கூடும்.

இழுபடாமல் காக்கும் முறைகள்

* நிலைத்தையல்: துணியை வெட்டியவுடன், பிற பாகங்களுடன் இணைக்கும் முன், ஒற்றைத் துணியில் இடப்படும் நேர்த்தையல். தையலுக்கு விடப்பட்ட இடம் 15 மி.மீ. எனில், இது விளிம்பிலிருந்து ஏறத்தாழ 12 மி.மீ. தொலைவில் இடப்படும். கழுத்து வளைவில் ஒவ்வொரு தோளிலிருந்தும் நடுப்பகுதி நோக்கித் தனித்தனியே தைப்பது வழக்கம்.
* நாடா: பின்னலாடைகளின் தோள் தையலில் நீளாத நாடா சேர்த்துத் தைக்கப்படுகிறது.
* உள்துணி: கழுத்துப்பட்டி போன்ற பகுதிகளில் கேன்வாஸ் முதலிய விறைப்பான துணி உட்புறம் வைக்கப்படுகிறது.

பிரியாமல் காக்கும் முறைகள்

விளிம்பை இருமுறை மடித்துத் தைத்தல், வளைகோட்டுத் தையல் (சிக்சாக்), சாய்வாக வெட்டிய துணிப்பட்டையால் விளிம்பை மூடுதல் ஆகியன பரவலான முறைகள். சேலைக்கு ஓரம் அடிப்பதும் இவ்வகையினதே.

ஓவர்லாக் இயந்திரம் விளிம்பைச் சீராக வெட்டி, அதே வேளையில் நூலால் சுற்றித் தைக்கிறது. இத்தையல் முறை அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் மெர்ரோ நிறுவனத்தால் 1881 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது.

வரிசைமுறை

ஓவர்லாக் தையல் நூல் உதிர்வதைத் தடுக்கும். ஆனால் நெகிழும் தன்மையுடையதாதலால் சாய்வு விளிம்பு நீள்வதைத் தடுக்காது. தைக்கும்போது துணி இழுபட்டால் வளைவு மேலும் விரியும். எனவே கழுத்து, கைக்குழி ஆகியவற்றில் நிலைத்தையலை முதலில் இட்ட பின்னரே விளிம்பை மூடுதல் வேண்டும். விரிந்துவிட்ட கழுத்தை மீண்டும் பழைய அளவுக்குக் கொணர்வது கடினம்.