பேர் வெட்டு

சென்னையிலிருந்து இலங்கையின் ஹட்டனுக்கு வந்திருந்த நண்பர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து முற்றத்தில் ஒரு பாட்டி "எம் மகன் பேர வெட்டிட்டாங்கய்யா" என்றதும் வெட்டுக்குத்து என்றே எண்ணிப் பதறிவிட்டார். கத்தி எதுவும் வீசப்படவில்லை. செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பேனாதான் ஓடியிருந்தது. தோட்டத்தில் உழைத்த நாளுக்குப் 'பேர்' விழும், கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஆகவே வேலை போனாலும் வெட்டுப்படுவது பேர்தான். கவ்வாத்து வெட்டினால் தேயிலை துளிர்க்கும், கான் வெட்டினால் மழைத்தண்ணீர் வடியும். பேர் வெட்டினால் லயக் காம்பராவும் கையைவிட்டுப் போகலாம். 'பணிநீக்கம்' கடிதத்துக்கு ஆகும், இந்த வலி அதில் ஏறாது. வெட்டினால் விழுவது துண்டு. ஆளின் கடனை அடைப்பவரிடம் அவனை விடுவதாகத் தோட்டம் எழுதித்தந்த சீட்டுக்கும் அதுவே பெயர். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் 'வெட்டி வேலை' 'வெட்டு' என்ற வினைக்குப் பிறந்ததல்ல என்றே தோன்றுகிறது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' கூலியில்லாக் கட்டாய உழைப்பு; வடமொழி 'விஷ்டி'யோடு அதை இணைப்பார்கள், தெலுங்கில் இன்றும் 'வெட்டிச் சாக்கிரி' உண்டு. கூலி தராத வேலை பயன் தராத வேலையாகி, கடைசியில் வேலையே இல்லாதவனுக்குப் பட்டமாயிற்று. பழைய வெட்டிக்காரனுக்கோ ஓய்வே கிடையாது. மாலையில் பாட்டியின் மகனைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தருகே கண்டு, "என்ன தம்பி செய்யுறீங்க?" என்றேன். "வெட்டியாத்தான் இருக்கேன், சேர்" என்றார்.