இஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவில

சிக்னலில் நிற்கிற ஸ்கூட்டரின் கண்ணாடியில் பின்னால் நிற்கிற ஆளின் முகம் நாலாகத் தெரிந்தால், கராஜில் கொண்டுபோய் விட்டவுடன் கிடைக்கிற தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்: "இஞ்சின் புஷ் தேஞ்சு போச்சு, மாத்தவேணும்." உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு துண்டு இறப்பர், சுற்றிவர ஒரு இரும்பு வளையம். கழற்றிப் போட்ட பழசைப் பார்த்தால் இதுக்கா இவ்வளவு அதிர்வு என்று கேட்கத் தோன்றும். இந்த இறப்பர்த் துண்டை நம்பி ஒரு முழுக் கம்பனியே பத்து வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. அது பிரித்தானியாவின் நோர்ட்டன். வண்டியின் பெயர் கொமாண்டோ.

முதலில் இஞ்சின் ஏன் உதறுகிறது என்று பார்ப்போம். 1937இல் ட்ரையம்ப் கம்பனியின் எட்வர்ட் ரேனர் 'ஸ்பீட் ட்வின்' என்ற 500 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போகும், ஒன்றாகக் கீழே வரும். ஒன்று மேலே போக மற்றது கீழே வந்தால் சமன் ஆகிவிடுமே, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்கலாம். ஒன்றாக ஏறி இறங்கினால் வெடிப்புகள் சம இடைவெளியில் வரும், ஒரே காபரேற்றரால் இரண்டு சிலிண்டருக்கும் ஒழுங்காகப் பெற்றோல் குடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் சமநிலையைப் பொறுத்தவரை இரண்டு பிஸ்டனும் சேர்ந்து ஒரு பெரிய பிஸ்டன் மாதிரித்தான். கிராங்கில் எதிர்ப்பாரம் வைத்தால் மேல்-கீழ் ஆட்டத்தின் ஒரு பகுதி முன்-பின் ஆட்டமாக மாறுமே ஒழிய, ஆட்டம் ஒழியாது.

ஸ்பீட் ட்வின் நன்றாக விற்றது. பார்த்த மற்றக் கம்பனிகளும் அதே பாதையில் இறங்கின. நோர்ட்டனுக்கு பேர்ட் ஹொப்வூட் வரைந்த இரட்டைச் சிலிண்டர் இஞ்சின் 1940களின் கடைசியில் வந்தது, 497 சிசி. பிறகு அமெரிக்க விற்பனையாளர்கள் இன்னும் பெரிசு வேணும், இன்னும் வேகம் வேணும் என்று நெருக்க, அதே இஞ்சினை 600, 650 என்று ஊதி, 1962இல் 'அட்லஸ்' என்ற பெயரில் 745 சிசிக்குக் கொண்டுபோனார்கள். அடிப்படை வரைபடம் பழசு, பிஸ்டன் மட்டும் பெரிசு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அட்லஸின் பிஸ்டன் ஒரு தடவையில் ஓடுகிற தூரம் 89 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 சுற்று. அதாவது ஒவ்வொரு செக்கனும் 200 தடவை பிஸ்டன் நின்று, திரும்பி ஓடுகிறது. அந்தத் திரும்பலில் வருகிற விசை பிஸ்டனின் சொந்த எடையைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கு. 100 கிராம் உலோகம் 180 கிலோ பாரம் மாதிரி இழுக்கும். வேகத்தைப் பாதியாக்கி 3,000இல் ஓடினால் இந்த விசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதனால்தான் மெதுவாக ஓடும்போது நல்ல பிள்ளையாக இருக்கிற வண்டி, முறுக்கினவுடன் பேய் பிடித்த மாதிரி உதறுகிறது.

அட்லஸ் அதைத்தான் செய்தது. விளக்கின் இழை அறுந்தது, நட்டுகள் கழன்றன, ஓடுகிறவரின் விரல் விறைத்துப் போனது. கடைசியில் சொன்னதை வெறும் அசௌகரியம் என்று நினைக்கவேண்டாம். 1918இல் அமெரிக்க மருத்துவர் அலிஸ் ஹமில்ரன், இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்ட் பகுதியில் காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற தொழிலாளிகளின் கைகளைப் பரிசோதித்தார். குளிர் பட்டவுடன் விரல்கள் வெள்ளையாகி, உணர்ச்சி இல்லாமல் போவதைப் பதிவு செய்தார். நீண்ட நாள் அதிர்வு விரலின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களிடமும் இந்தக் கைநோய் பின்னாளில் ஆராயப்பட்டது. பிரித்தானியா இதை நட்டஈடு கோரக்கூடிய தொழில்நோயாகச் சேர்த்துக்கொண்டது 1985இல்தான். ஹமில்ரன் பார்த்து 67 வருடம் கழித்து! ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போறவருக்கு அதிர்வு ஒரு எரிச்சல். நாள் முழுக்க வண்டியில் சாப்பாட்டுப் பொதி கொண்டு திரிகிற பெடியனுக்கு அது உடம்பின் விசயம்.

1966இல் நோர்ட்டனை வைத்திருந்த ஏ.எம்.சி. என்ற தாய்க் கம்பனி விழுந்தது. மங்கனீஸ் புரோன்ஸ் நிறுவனத்தின் டெனிஸ் பூர் அதை வாங்கி நோர்ட்டன்-வில்லியர்ஸ் ஆக்கினார். ரோல்ஸ்-ரொய்ஸில் இருந்து ஸ்டெபான் பவர் என்ற பொறியியலாளரைக் கூப்பிட்டார். அவரோடு பேர்னாட் ஹூப்பர், பொப் ட்ரிக். இவர்களுக்கு முன்னால் இருந்த தெரிவு இலேசானதல்ல. புது இஞ்சின் ஒன்றை வரைந்து வார்ப்படம் செய்து சோதிக்கக் காசும் இல்லை, காலமும் இல்லை. 1967 செப்ரெம்பரில் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சி. அதற்குள் ஏதாவது காட்டியாக வேணும். கையில் இருந்தது அந்த உதறுகிற அட்லஸ் இஞ்சின் மட்டும்தான்.

இஞ்சினை இறப்பரில் வைக்கிற யோசனை புதிதல்ல. 1931இல் கிறைஸ்லர் கம்பனி தன் பிளிமத் கார்களில் 'மிதக்கும் சக்தி' என்று விளம்பரப்படுத்தி அதைச் செய்திருந்தது. பிரான்சின் சித்ரோஎன் அதன் உரிமையை வாங்கி, அடுத்த வருடமே தன் கார்களில் நீந்துகிற அன்னத்தை அடையாளமாகப் போட்டது. ஆனால் காரில் இடம் இருக்கு, எடை இருக்கு. மோட்டார் சைக்கிளில் இஞ்சினை ஆட விட்டால் பின்சில்லை இழுக்கிற செயின் என்னாகும்? இஞ்சின் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம் என்று இழுபட்டு, செயின் இறுகித் தளர்ந்து கொண்டிருக்கும்.

நோர்ட்டன்காரர் கண்டுபிடித்த விடை எனக்கு இன்றைக்கும் பிடித்தது. இஞ்சின், கியர்பெட்டி, பின்சில்லைப் பிடிக்கிற சுவிங் ஆம் மூன்றையும் ஒரே துண்டாகப் பூட்டினார்கள். செயின் அந்தத் துண்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பிறகு அந்த முழுத் துண்டையும் முன்னால் ஒரு இறப்பர்த் தாங்கி, பின்னால் ஒன்று, சிலிண்டர் தலைக்கு மேலே ஒரு சின்னப் பிடி என்று பிரேமில் தொங்கவிட்டார்கள். ஓடுகிறவர், ஹாண்டில், சீற், பெற்றோல் தாங்கி எல்லாம் இறப்பருக்கு இந்தப் பக்கம். உதறுகிறது எல்லாம் அந்தப் பக்கம். இதற்கு வைத்த பெயர் 'ஐசொலாஸ்ரிக்'.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு இறப்பர் வளையமும் ஒரு கல்லும் போதும். வளையத்தில் கல்லைத் தொங்கவிட்டுக் கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள், கல்லும் கூடவே வரும். கொஞ்சம் வேகமாக்கினால் ஒரு தாளத்தில் கல் துள்ளிக் குதிக்கும். அதையும் தாண்டி வேகமாக ஆட்டினால் கை நடுங்கும், கல் சும்மா இருக்கும். கொமாண்டோவின் நடத்தையும் இதுதான். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது வண்டி முழுக்கத் துள்ளும், முன்சில்லு குதிக்கிறது கண்ணுக்கே தெரியும். 2,500, 3,000 சுற்றைத் தாண்டினவுடன் யாரோ ஆளியை அணைத்த மாதிரி எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். பின்சில்லும் இஞ்சினோடு சேர்ந்து இறப்பரில் தொங்குகிறது. மேல்-கீழாக ஆடினால் பரவாயில்லை, பக்கவாட்டில் ஆடினால் வளைவில் பின்சில்லு தன் பாட்டுக்குத் திசை திரும்பும். அதனால் தாங்கிகளின் இரண்டு ஓரத்திலும் வழுக்குகிற வாஷர் வைத்து, பக்கவாட்டில் ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் இடைவெளி மட்டும் விட்டார்கள். இந்த இடைவெளியை மெல்லிய ஷிம் தகடுகள் போட்டுச் சரிப்படுத்த வேணும். இறுக்கிவிட்டால் அதிர்வு முழுக்கப் பிரேமுக்கு வரும். தளர விட்டால் வண்டி வளைவில் நெளியும். தொழிற்சாலையில் சரியாக வைத்தது, வாங்கினவரின் கையில் தேய்ந்து, வாஷரின் ஓரத்தில் துரு ஏறி, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போகும். பிறகு, "கொமாண்டோ வளைவில் நம்பேலாத வண்டி" என்று கதை பரவும். இதே இறப்பர்த் தாங்கிகளோடுதான் பீற்றர் வில்லியம்ஸ் 1973இல் மான் தீவின் போர்முலா 750 ரி.ரி. பந்தயத்தை வென்றார்.

இறப்பரும் சாகும். சூடு, ஓசோன், காலம் மூன்றும் அதை இறுக வைக்கும். எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதி மெதுமெதுப்பாகிக் கிழியும். அக்காலப் பிரித்தானிய இஞ்சின்களோ எண்ணெய் வடிப்பதற்குப் பேர்போனவை. இறுகிப்போன இறப்பரில் துள்ளுகிற அந்தத் தாளம் மேலே ஏறிவிடும். முன்பு 2,000இல் துள்ளின வண்டி இப்போது சாதாரணமாக ஓடுகிற வேகத்திலேயே துள்ளும். தொய்ந்துபோன இறப்பரிலோ இஞ்சின் கீழே இறங்கி இரும்போடு இரும்பு முட்டும். முன் தாங்கியை மாற்றுவது ஒரு பின்னேர வேலை: இஞ்சினுக்குக் கீழே முண்டு குடுத்து, நீள போல்ட்டை இழுத்து, பழைய இறப்பரைத் தள்ளிவிட்டு, சவர்க்காரத் தண்ணி பூசிப் புதுசை அமுக்கவேணும். பின் தாங்கி கியர்பெட்டியைப் பிடிக்கிற தட்டுகளுக்கு நடுவில் இருக்கு, அதற்குப் பாதி வண்டியைக் கழற்றவேண்டிவரும். பலர் முன்னதை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு வித்தியாசமும் இல்லையே என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் ஸ்கூட்டரும் இந்தக் குடும்பம்தான். அதிலும் இஞ்சினும் பின்சில்லும் ஒரே துண்டு, பிரேமோடு இறப்பர் புஷ்ஷில் தொங்குகிறது. புஷ் தேய்ந்தால் அதிர்வு மட்டும் கூடாது, பின்சில்லின் நேரும் போகும். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் பெயாரிங்கையும் புஷ்ஷையும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முதல் இஞ்சின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கா என்று பார்ப்பது காசு மிச்சம்.

இறப்பர் என்று இவ்வளவு எழுதிவிட்டு அது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லாமல் போகமுடியாது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று தோட்டங்கள் விரிந்தபோது விடியமுன்னம் மரம் சீவப் போனவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மலையகம் என்றால் தேயிலை மட்டுமே எங்கள் நினைவில் நிற்கிறது. பால் வடிச்ச சனத்தின் வரலாறு அதில் கால்வாசி இடம்கூடப் பிடிப்பதில்லை.

கொமாண்டோ விற்றது. 'மோட்டார் சைக்கிள் நியூஸ்' வாசகர்கள் 1968இல் இருந்து 1972 வரை ஐந்து வருடமும் தொடர்ச்சியாக அதையே ஆண்டின் சிறந்த வண்டியாகத் தெரிவு செய்தார்கள். ஆனால் 1969இல் ஹொண்டாவின் நாலு சிலிண்டர் சிபி 750 கடைக்கு வந்தது. அதில் இரண்டு பிஸ்டன் மேலே போக இரண்டு கீழே வரும். பெரிய உதறல் இஞ்சினுக்குள்ளேயே அடங்கிவிடும், இறப்பரில் தொங்கவிடத் தேவையே இல்லை. பட்டனை அமத்த ஸ்ரார்ட் ஆகும். ஐசொலாஸ்ரிக்கை நான் இரசிக்கிறேன், ஆனால் அது வேண்டிக் கொடுத்தது கால அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்தில் புது இஞ்சினை வரைந்திருக்க வேணும். அதற்குப் பதிலாகப் பழசையே இன்னும் முறுக்கினார்கள். 1972இன் 'கொம்பாட்' இஞ்சினில் பிரதான பெயாரிங்குகள் உடைந்தன. அதற்கடுத்த வருடம் 828 சிசி ஆக்கினார்கள்.

அந்த அதிர்வு கடைசியில் ஆரிலே போய் இறங்கியது? 1973இல் அரசாங்கக் காசோடு நோர்ட்டனும் ட்ரையம்பும் ஒன்றாக்கப்பட்டன. செப்ரெம்பரில் மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக பூர் அறிவித்தார். தொழிலாளிகள் உள்ளே இருந்துகொண்டு வாசலை அடைத்தார்கள். 1975இல் அது கூட்டுறவுத் தொழிற்சாலையாகி, 1983 வரை தாக்குப்பிடித்தது. கொமாண்டோ செய்த வுல்வர்ஹாம்ப்ரனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1975 நடுப்பகுதியில் அரசாங்கம் இனிக் காசு இல்லை என்று கையை விரித்தது. அங்கேயும் தொழிலாளிகள் தொழிற்சாலைக்குள் இருந்து போராடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

அந்த 1975இல்தான் கொமாண்டோவின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் ஷிம் தகடுகளை எடுத்துவிட்டு, திருகித் திருகி இடைவெளியைச் சரிப்படுத்துகிற வளையம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். எட்டு வருடமாக வாடிக்கையாளர் முறையிட்ட வேலை, ஒரு ஸ்பானரால் சில நிமிடத்தில் முடிகிற வேலையாகிவிட்டது. இன்றைக்கும் பழைய கொமாண்டோ வைத்திருக்கிறவர்கள் இறப்பர் மாற்றும்போது கூடவே அந்த வளையத்தையும் வாங்கிப் பூட்டுகிறார்கள்.