எந்த ஏடு? எந்தப் பக்கம்?

‘அறிஞர் ஒருவர் கூறியுள்ளார்’ என்பர் சிலர். எந்த அறிஞர்? ‘ஆராய்ச்சி காட்டுகிறது’ என்பர் வேறு சிலர். எந்த ஆராய்ச்சி? எந்த ஏட்டில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில்? கேட்டால் முகம் சுளிப்பர். ‘முனிவர் மொழிந்தார், மறுத்துப் பேசாதே’ என்று நம் பாட்டன்மாரை அடக்கிய புராணிகருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு என்ன? அங்கே காவி, இங்கே பட்டம். அவ்வளவே!

1660இல் இலண்டனில் தோன்றிய அரச கழகம், ‘எவர் சொல்லையும் அப்படியே ஏற்காதே’ எனும் பொருள்தரும் இலத்தீன் தொடரைத் தன் குறிக்கோளாக ஏற்றது. அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ஆய்வேடு ஒன்றைத் தொடங்கினார். கடிதங்களில் முடங்கிக் கிடந்த கண்டுபிடிப்புகள் அச்சேறின. எவரும் படிக்கலாம், எவரும் சோதிக்கலாம் என்ற நிலை பிறந்தது. ஆனால், ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? அங்கே செல்ல வழி வேண்டாமா? அந்த வழியைக் காட்டுவதே மேற்கோள் குறிப்பு.

அக்குறிப்பின் அருமையை ஒரு பட்டாணிச் செடி உலகுக்கு உணர்த்திற்று.

அன்று ஆஸ்திரியப் பேரரசிலும் இன்று செக் நாட்டிலும் உள்ள பிர்னோ நகரில், கிரிகோர் மெண்டல் எனும் துறவி பட்டாணியைக் கலப்பினம் செய்து ஆராய்ந்தார். 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! 1865இல் அந்நகரின் இயற்கை ஆய்வுக் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார். 1866இல் கழக ஏட்டின் நான்காம் தொகுதியில், 3 முதல் 47 வரையுள்ள பக்கங்களில் அது வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு ஏடு சென்றது. உண்மையை உணர்ந்தவர் அரிது. 1884இல் மெண்டல் மறைந்தார்.

1900ஆம் ஆண்டு. டச்சு அறிஞர் ஹியூகோ டி விரீஸ், அதே விதியைப் பாரிசு ஏடொன்றில் வெளியிட்டார். அதில் மெண்டல் பெயரே இல்லை! அவரது ஜெர்மன் கட்டுரையில் பெயர் இருந்தது. பாரிசுக் கட்டுரையில் அது விடுபட்டது ஏன் என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். அதனைப் படித்த ஜெர்மன் அறிஞர் கார்ல் காரன்ஸ் என்ன செய்தார்? தாமும் அவ்விதியைக் கண்டவர்தாம். எனினும், தம் கட்டுரையின் தலைப்பிலேயே மெண்டலின் பெயரைப் பொறித்தார். மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, உழைத்தவனுக்கு உரியது கிடைத்தது.

மெண்டலை நாம் ஏற்பது துறவி என்பதாலா? அன்று! 1936இல் ரொனால்டு ஃபிஷர், மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு அளவு கடந்து ஒத்துள்ளன என்று ஐயம் கிளப்பினார். புகழ்பெற்றவரையும் கேள்வி கேட்க முடிந்தது. காரணம், ஏடு இருந்தது, பக்கம் தெரிந்தது, எண்கள் கண்முன் நின்றன.

எனவே, ஏட்டுக் கட்டுரையை எடுத்தாளும்போது எழுத வேண்டுவன யாவை? ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஏட்டின் பெயர், தொகுதி எண், இதழ் எண், பக்கம். ‘இத்தனை எண்கள் எதற்கு?’ என்று சலிப்போர்க்கு மெண்டலே விடை. அவரது தொகுதி 1865ஆம் ஆண்டுக்கு உரியது, அச்சானதோ 1866இல். சிலர் முன்னதை எழுதுவர், சிலர் பின்னதை. ஆண்டில் குழப்பம் நேரினும், தொகுதியும் பக்கமும் நம்மை உரிய இடத்தில் நிறுத்திவிடும்.

மற்றொன்று: மூலத்தைப் படிக்காமல் பிறர் நூலில் கண்டதை எடுத்தாண்டால், கண்ட நூலையே குறிப்பிடுவோம். படிக்காததைப் படித்ததாகக் காட்டுவது பொய்.

பகுத்தறிவு பேசும் நாம், ‘எங்களை நம்பு’ என்று எவரிடமும் கூறலாகாது. ‘இதோ ஏடு, இதோ பக்கம், நீயே பார், தவறெனில் திருத்து’ என்று கூறுவோம். பிறரிடம் சான்று கேட்கும் உரிமை, தன் சான்றைத் திறந்து வைப்பவனுக்கே உண்டு!