முயல் உண்ணியும் அதை ஒத்த உண்ணிகளும்: இனங்காணுதல் ஏன் அவசியம்?

முயல்களின் காதுகளிலும் தலைப்பகுதியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும் உண்ணிகள் பல உள்ளன. அவற்றுள் ஹீமாஃபைசாலிஸ் பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க முயல் உண்ணி மனிதரை அரிதாகவே கடிக்கும். ஆயினும், துலரீமியா எனப்படும் முயல் காய்ச்சலின் கிருமியை முயல்களிடையே அது பரப்புகிறது.

இனங்காணுதலில் உள்ள சிக்கல்

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு செம்மறியாட்டின் மீது ஏராளமான உண்ணிகள் காணப்பட்டன. அவை முயல் உண்ணியின் பேரினத்தையே சேர்ந்தவை. தோற்றத்திலும் அதனை ஒத்தவை. மரபணுச் சோதனைக்குப் பின்னரே, அவை கிழக்காசியாவைச் சேர்ந்த நீள்கொம்பு உண்ணி என்பது உறுதியாயிற்று. இவ்வினத்தின் பெண் உண்ணி ஆண் துணையின்றியே இனப்பெருக்கம் செய்யவல்லது. கிழக்காசியாவில் கடுங்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் ஒன்றையும் இது பரப்புகிறது.

வாயுறுப்புகளில் உள்ள சிறு முள் போன்ற நீட்சி முதலியவற்றை உருப்பெருக்கியில் ஆராய்ந்தே இவ்வினங்களை வேறுபடுத்த இயலும். இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியையும், ஆறு கால்களே உடைய அதன் இளம் பருவத்தையும் இனங்காண்பது மேலும் கடினம். 1957ஆம் ஆண்டு கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் வனக் காய்ச்சலைப் பரப்பும் முதன்மை உண்ணியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததாகும்.

உண்ணி கடித்திருந்தால் செய்ய வேண்டியவை

• நுனி கூரிய இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், சீராக மேல்நோக்கி இழுக்கவும்.
• மண்ணெண்ணெய், எண்ணெய், தீ ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம்; வெறுங்கையால் நசுக்கவும் வேண்டாம்.
• கடிபட்ட இடத்தையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவவும்.
• அகற்றிய உண்ணியை மூடியுள்ள சிறு புட்டியில் சாராயக் கரைசலில் (ஸ்பிரிட்) இட்டு வைக்கவும். கடித்த நாள், இடம், அருகிலிருந்த விலங்கு ஆகியவற்றைக் குறித்து வைக்கவும்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, தோல் தடிப்பு, கடிபட்ட இடத்தில் புண், நெறிகட்டுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனடியாக அரசு மருத்துவமனையை அணுகவும். உண்ணி கடித்த செய்தியைத் தாமாகவே மருத்துவரிடம் கூற வேண்டும். இனம் உறுதியாகும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.

முயல் வளர்ப்போர் கவனத்திற்கு

முயல்களின் காதுகளையும் கழுத்தையும் அடிக்கடி சோதிக்கவும். நோயுற்ற அல்லது இறந்த முயல்களைக் கையுறையின்றித் தொட வேண்டாம். இறைச்சியை நன்கு வேகவைத்தே உண்ணவும்.